வால்வ் கிற்றார் ஆம்பில் வோல்ற்றேஜ் நிற்குதில்லையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சியில் ரேடியோ, ஆம்ப், இன்வேட்டர் திருத்துவது என் தொழில். வன்னியில் வால்வ் (ரான்சிஸ்ரருக்கு முந்திய கண்ணாடிக் குழாய்) போட்ட கிற்றார் ஆம்ப் விரல்விட்டு எண்ணுகிற அளவுதான் இருக்கும். ஒன்று தேவாலயப் பாடகர் குழுவிடம், ஒன்று திருவிழா மேடைக்குப் போகிற இசைக்குழுவிடம், இன்னொன்று லண்டனிலிருந்து வந்த மாமா விட்டுப்போனது, இப்படி. எல்லாமே ஒரே முறைப்பாட்டோடுதான் வந்து சேர்கின்றன: "அண்ணை, வோல்ற்றேஜ் ஏறி இறங்குது." அதையொட்டி வழக்கமாக வருகிற கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

பழுது ஆம்பிலா, வருகிற கரண்டிலா? எப்படிக் கண்டுபிடிப்பது?

இரண்டையும் ஒரே நேரத்தில் அளக்க வேண்டும். சுவர்ப் பிளக்கை விட்டுவிட்டு ஆம்பின் உள்ளே மட்டும் அளந்தால் அன்று முழுக்க அலைந்துகொண்டே இருப்பீர்கள்.

வால்வ் ஆம்பில் பெரும்பாலும் எந்த இடத்திலும் வோல்ற்றேஜைக் கட்டுப்படுத்தும் சுற்று கிடையாது. சுவரில் வருவது ட்ரான்ஸ்ஃபோமரில் ஏறுகிறது, டயோட் அல்லது ரெக்ரிஃபயர் வால்வ் அதை டிசி ஆக்குகிறது, பெரிய கப்பாசிற்றர் நிரவுகிறது. அவ்வளவுதான். இப்படிக் கிடைக்கிற உயர் வோல்ற்றேஜைத்தான் 'பீ பிளஸ்' என்கிறோம். சுவரில் 10 வீதம் குறைந்தால் பீ பிளஸும் கிட்டத்தட்ட 10 வீதம் குறையும், அது இயற்கை.

ஆகவே பீ பிளஸைச் சுவர் வோல்ற்றேஜால் பிரியுங்கள். போன வருடம் என் மேசைக்கு வந்த, இரண்டு ஈஎல் 84 அவுட்புட் வால்வ் போட்ட 15 வாட் ஆம்பில் காலையில் சுவரில் 234, பீ பிளஸ் 328. பிரித்தால் 1.40. இரவு ஏழரைக்குச் சுவரில் 212, பீ பிளஸ் 298. பிரித்தால் 1.41. பீ பிளஸ் 30 வோல்ற் விழுந்திருக்கிறது, ஆனால் விகிதம் அசையவில்லை. அந்த ஆம்பில் ஒரு குறையும் இல்லை. உரிமையாளருக்குத்தான் நம்பிக்கை வரவில்லை. ஒரு வால்வாவது மாற்றித் தாருங்கள் என்று நின்றார்.

சுவர் அசையாமல் நிற்க விகிதம் மட்டும் மாறினால் பழுது பெட்டிக்குள்தான். அதைக் கீழே சொல்கிறேன்.

உள்ளே கை வைக்க முன் என்ன செய்ய வேண்டும்?

பிளக்கைக் கழற்றினாலும் உள்ளே 300, 400 வோல்ற் கப்பாசிற்றரில் தங்கி நிற்கும். ஆளைக் கொல்ல அது போதும். 22 கிலோ ஓம், 5 வாட் தடையி ஒன்றுக்கு இரண்டு முனையிலும் நன்றாக உறையிட்ட வயரும் கிளிப்பும் போட்டு வைத்திருங்கள். பிளக்கைக் கழற்றி, ஒரு கிளிப்பைச் சேசியில் (ஆம்பின் உலோகச் சட்டத்தில்) கொழுவி, மற்றதை முதல் கப்பாசிற்றரின் பிளஸில் 15 விநாடி பிடியுங்கள். பிறகு மீற்றரால் அளந்து பார்த்து, சில வோல்ற்றுக்குக் கீழே போனபிறகுதான் தொட வேண்டும். ஸ்குரூ டிரைவரால் ஷோட் பண்ணிப் பொறி பறக்கவிடுகிற பழக்கம் நல்லதல்ல.

கரண்ட் உள்ளபோது அளக்க நேர்ந்தால் மைனஸ் புரோபைக் கிளிப்பால் சேசியில் கொழுவிவிட்டு, ஒரு கையால் மட்டும் அளங்கள். மற்றக் கை முதுகுக்குப் பின்னால். காலில் ரப்பர்ச் செருப்பு. ஸ்பீக்கர் கொழுவாமல் ஆம்பை ஒருபோதும் போட வேண்டாம், அவுட்புட் ட்ரான்ஸ்ஃபோமர் போய்விடும். இதெல்லாம் புதிதென்றால் பெட்டியைத் திறக்காமல் சுவரை மட்டும் அளந்து எழுதிக்கொண்டு வாருங்கள். பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும்.

பின்னேரம் ஆனதும் சத்தம் சோர்ந்துபோகிறது. வால்வ் தேய்ந்துவிட்டதா?

அநேகமாக இல்லை. நம் நாட்டில் வீட்டுக்கு வர வேண்டியது 230 வோல்ற்; 6 வீதம் கூடலாம், குறையலாம். அதாவது ஏறத்தாழ 216 முதல் 244 வரை. மாலை ஆறரையிலிருந்து பத்தரை வரை எல்லா வீட்டிலும் மின்விளக்கு, ரீவி, பிரிட்ஜ், சோற்றுக் குக்கர். வன்னியில் வீடுகள் தள்ளித் தள்ளி இருப்பதால் வீதி ட்ரான்ஸ்ஃபோமரிலிருந்து கடைசி வீட்டுக்கு வயர் நீண்டு போகிறது. அந்த வயரில்தான் வோல்ற்றேஜ் கரைகிறது. அருகில் அரிசி ஆலையோ வெல்டிங் கடையோ இருந்தால் பகலிலும் நடக்கும். வெல்டிங் பொறி விழுகிற ஒவ்வொரு தடவையும் மின்குமிழ் சிமிட்டுவதைப் பார்த்திருப்பீர்கள்.

கரண்ட் இல்லாத ஆண்டுகளில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்டவர்களுக்கு இது விளங்கும். மிதிக்கிறவன் களைத்தால் செய்தி வாசிக்கிறவரின் குரலும் களைக்கும். ரேடியோவில் பிழை இருந்ததில்லை.

வால்வுக்குள் கதோட்டைச் சூடாக்குகிற இழைதான் ஹீற்றர். அதன் வோல்ற்றேஜையும் பாருங்கள். 6.3 வோல்ற் ஹீற்றர் 5.7 முதல் 6.9 வரை தாங்கும். மேலே சொன்ன ஆம்பில் சுவர் 212 ஆனபோது ஹீற்றர் 5.8. ஓடும், ஆனால் விளிம்பில். அதற்கும் கீழே மணிக்கணக்கில் ஓடவிட்டால் எலக்ட்ரானை வெளிவிடுகிற அந்தக் கதோட் கெட்டுப்போகும்.

எக்ஸ்டென்ஷன் வயரையும் குறை சொல்கிறார்கள். கணக்கைப் பாருங்கள்: 0.75 சதுர மில்லிமீற்றர் வயர் 50 மீற்றர் நீளத்துக்குப் போனால், போகவர மொத்தம் ஏறத்தாழ 2.5 ஓம். 15 வாட் ஆம்ப் சுவரிலிருந்து இழுப்பது 0.4 அம்பியர் அளவு. 1 வோல்ற்தான் விழும். அதே வயரில் மேடை லைற், மிக்சர், பெரிய ஸ்பீக்கர் ஆம்ப் எல்லாம் சேர்ந்து 6 அம்பியர் இழுத்தால் 15 வோல்ற் போய்விடும். திருவிழாவில் கிற்றார் ஆம்புக்குத் தனி வயர் கேளுங்கள். தர மாட்டார்கள், ஆனாலும் கேளுங்கள்.

பின்னால் 220, 240 என்று ஒரு சுவிச் இருக்கிறது. கரண்ட் குறைவுதானே, 220க்கு மாற்றினால் என்ன?

இரவு நன்றாகத்தான் கேட்கும். அடுத்த நாள் மத்தியானம் சுவரில் 240 வந்தால் ஹீற்றர் 6.9ஐத் தொடும், பீ பிளஸ் 9 வீதம் கூடும், ஏற்கெனவே எல்லையில் ஓடுகிற ஈஎல் 84இன் பிளேற், அதாவது கண்ணாடிக்குள் தெரிகிற உலோகத் தகடு, சிவக்கும். 230 இருந்தால் 230இல் விடுங்கள், இல்லாவிட்டால் 240. சத்தம் கொஞ்சம் குறைந்தால் பரவாயில்லை, வால்வ் மிஞ்சும்.

அமெரிக்காவிலிருந்து வந்த 120 வோல்ற் ஆம்ப் என்றால் ஸ்டெப் டவுன் ட்ரான்ஸ்ஃபோமர் வேண்டும், அதோடு ஆம்பின் பின்தகட்டில் 50 ஹேட்ஸ் என்றும் போட்டிருக்கிறதா பாருங்கள். 60க்கு மட்டும் செய்தது இங்கே அளவுக்கு மீறிச் சுடும்.

ஸ்டெபிலைசர் வாங்கலாமா?

முதலில் மூன்று நாள் சுவரை அளந்து எழுதுங்கள்: காலை, மத்தியானம், இரவு எட்டு மணி. 216க்கும் 244க்கும் இடையில் நின்றால் காசை வீணாக்க வேண்டாம். வெளியே போகிறதென்றால் வாங்கலாம்.

கடையில் மலிவாகக் கிடைப்பது ரிலே வகை. அது படிப்படியாகத்தான் திருத்தும்: 'டக்' என்று ஒரு சத்தம், அவுட்புட் ஒரேயடியாய்ப் பத்துப் பதினைந்து வோல்ற் தாவும். ஆம்புக்கு அதனால் ஆபத்து இல்லை. ஆனால் ஸ்டெபிலைசர் போட்டபிறகு பீ பிளஸ் இன்னும் தாவுகிறது என்று இரண்டு பேர் ஆம்பைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள். அந்தத் தாவல் ரிலேயுடையது. மோட்டர் சுற்றித் திருத்துகிற சர்வோ வகை மெதுவாக, வழுக்கிக்கொண்டு போகும், விலை கூட.

ஜெனரேற்றரிலும் இன்வேட்டரிலும் மட்டும் அளவுகள் குழம்புகின்றன. ஏன்?

ஹீற்றர் பார்ப்பது கரண்டின் சராசரிச் சூட்டை, அதாவது ஆர்எம்எஸ் அளவை. ரெக்ரிஃபயர் பார்ப்பது அலையின் உச்சியை. ஒழுங்கான 230 வோல்ற் சைன் அலையின் உச்சி 325. மலிவான இன்வேட்டர் தருவது படிக்கட்டு மாதிரி அலை. ஆர்எம்எஸ் 230 இருந்தாலும் உச்சி 325க்குப் போகாமல் நின்றுவிடலாம். அப்போது ஹீற்றர் சரியாக இருக்கும், பீ பிளஸ் மட்டும் விழும். பற்றரி இறங்க இறங்க உச்சியும் இறங்கும். மேலே சொன்ன விகிதக் கணக்கு இங்கே ஏமாற்றிவிடும். சுவர்க் கரண்டில் வைத்து மறுபடி அளந்துவிட்டுத்தான் ஆம்பைத் திறக்க வேண்டும். மலிவு மீற்றர் படிக்கட்டு அலையைச் சரியாக அளக்காது என்பதும் சேர்த்தி.

சிறிய பெற்றோல் ஜெனரேற்றரில் வேறொரு தொல்லை. அதே ஜெனரேற்றரில் ஓடிய தண்ணீர் மோட்டரை யாராவது நிறுத்தினால், இயந்திரம் வேகம் குறையும்வரை வோல்ற்றேஜ் மேலே துள்ளும். மோட்டர் ஓடுகிற ஜெனரேற்றரில் வால்வ் ஆம்பைக் கொழுவாதீர்கள்.

சுவர் 228இல் அசையாமல் நிற்கிறது. ஆனால் அரை மணி போனபிறகு பீ பிளஸ் இறங்கிக்கொண்டே போகிறது.

இதுதான் உண்மையான பழுது. ஆனால் முதல் இருபது நிமிடத்தைக் கணக்கில் எடுக்க வேண்டாம். வால்வ் சூடேறி நிலைக்கும்வரை, ட்ரான்ஸ்ஃபோமர்ச் செம்பு சூடாகித் தடை கூடும்வரை, சில வோல்ற் நகரும். அது சாதாரணம்.

ஒரு தேவாலயத்தின் ஆம்பில் நடந்ததைச் சொல்கிறேன். இரண்டு ஈஎல் 84, இரண்டின் கதோட்டுக்கும் பொதுவாக ஒரு 130 ஓம் தடையி. பத்தாவது நிமிடத்தில் பீ பிளஸ் 320, கதோட்டில் 10.4 வோல்ற். 10.4ஐ 130ஆல் பிரித்தால் 80 மில்லி அம்பியர், இரண்டுக்கும் சேர்த்து. சரியான அளவு. ஐம்பதாவது நிமிடத்தில் பீ பிளஸ் 308, கதோட்டில் 12.6. அதாவது 97 மில்லி அம்பியர். யாரோ கூடக் குடிக்கிறார்கள். கடையின் லைற்றை அணைத்துப் பார்த்தேன்: இடப்பக்க வால்வின் பிளேற்றில், நடுவில், ஒரு தணல் நிறச் சிவப்பு. வலப்பக்கம் கறுப்பாகவே இருந்தது.

கிறிட் என்பது வால்வில் ஓடுகிற கரண்டைக் கட்டுப்படுத்துகிற கம்பி வலை; ஈஎல் 84இல் அது 2ஆம் கால். அதில் பூச்சியம் வோல்ற்தான் இருக்க வேண்டும். வலப்பக்கம் பூச்சியம். இடப்பக்கம் பிளஸ் 5.

கிறிட்டில் பிளஸ் வோல்ற் நிற்க இரண்டு காரணம் உண்டு. ஒன்று, முன்கட்டத்திலிருந்து சிக்னலைக் கடத்துகிற கப்பாசிற்றர் டிசியையும் கசியவிடுகிறது. மற்றது, வால்வே கெட்டு, கிறிட்டிலிருந்து கரண்ட் ஓடுகிறது. பிரித்தறிய ஒரு வழி: ஆம்பை நிறுத்தி, கப்பாசிற்றர்களைக் காலியாக்கி, இரண்டு அவுட்புட் வால்வையும் கழற்றிவிட்டு மறுபடி போடுங்கள். சொக்கெற்றின் 2ஆம் காலில் பிளஸ் வோல்ற் இன்னும் இருந்தால் கப்பாசிற்றர்தான் கள்ளன். மறைந்துபோனால் வால்வ். ஒரு எச்சரிக்கை: அவுட்புட் வால்வ் இல்லாதபோது பீ பிளஸ் நன்றாக மேலே ஏறும், கப்பாசிற்றரில் எழுதியிருக்கிற வோல்ற் அளவைத் தாண்டினால் உடனே நிறுத்துங்கள்.

அந்த ஆம்பில் 5 வோல்ற் அப்படியே நின்றது. கப்பாசிற்றரைக் கழற்றி மீற்றரின் ஓம் அளவில் பார்த்தால் நல்லது என்றே காட்டியது. இதில்தான் நிறையப் பேர் தவறிப் போகிறார்கள். மீற்றர் கொடுப்பது சில வோல்ற். கப்பாசிற்றர் கசிவது 200 வோல்ற்றிலும் சூட்டிலும். குளிர்ந்த மேசையில் அது நல்ல பிள்ளை. 220 கிலோ ஓம் கிறிட் தடையியில் 5 வோல்ற் விழ 23 மைக்ரோ அம்பியர் போதும், அவ்வளவு சிறிய கசிவு. 630 வோல்ற் பிலிம் கப்பாசிற்றர் போட்டேன். மற்றப் பக்கத்தில் இருந்ததும் அதே வயது என்பதால் அதையும் மாற்றினேன். ஒன்றரை மணி நேரம் ஓடவிட்டும் 320இலிருந்து 318க்குத்தான் போனது. சிவந்த வால்வைத் திரும்பப் போடவில்லை.

என்னுடையது ஈஎல் 34, பயஸ் திருகி வைக்கிற வகை. வைத்த அளவு நிற்குதில்லை.

பயஸ் என்பது வால்வ் இழுக்கிற கரண்டை அடக்கக் கிறிட்டுக்குக் கொடுக்கிற மைனஸ் வோல்ற். அதைத் தருகிற சிறிய எலக்ட்ரோலிற்றிக் கப்பாசிற்றரைச் சந்தேகப்படுங்கள். அது பெரும்பாலும் சூடான வால்வுக்குப் பக்கத்தில் இருந்து காய்ந்துபோகும். காய்ந்தால் மைனஸ் குறையும், வால்வ் கூட இழுக்கும், பீ பிளஸ் இறங்கும். பத்து வருடம் தாண்டியிருந்தால் கேள்வி கேட்காமல் மாற்றலாம், விலை ஒரு பொருட்டே இல்லை. அடுத்தது பயஸ் திருகி. தூசு பிடித்த திருகியைத் தட்டினால் அளவு துள்ளும்.

கதோட்டில் 1 ஓம் தடையி போட்டிருந்தால் 1 மில்லி வோல்ற் 1 மில்லி அம்பியர். ஈஎல் 34இன் பிளேற் எல்லை 25 வாட். அதில் 70 வீதம், அதாவது 17.5 வாட் என்று வைத்தால், 450 வோல்ற்றுக்கு 39 மில்லி அம்பியர். இங்கே சுவர் ஏறி இறங்குகிறதால் நான் 35ஐத் தாண்டுவதில்லை. மத்தியானம், சுவர் உச்சத்தில் இருக்கிற நேரம் வையுங்கள். இரவு 212இல் வைத்துவிட்டுப் போனால் அடுத்த நாள் பகலில் சூடு வாங்கும்.

மாரியில் மட்டும் வருகிறது, கோடையில் இல்லை.

கார்த்திகை, மார்கழியில் எனக்கு வருகிற வேலையில் நல்ல பங்கு இதுதான். தூசு படிந்த பலகையில் ஈரம் ஏறினால் பலகையே மெல்லிய தடையியாகிவிடும். மீற்றரின் புரோபை உலோகத்தில் வைக்காமல், உயர் வோல்ற்றேஜ் முனைக்குப் பக்கத்தில் வெறும் பலகையில் ஊன்றிப் பாருங்கள். அங்கே வோல்ற் காட்டினால் ஈரக் கசிவு. கரண்டை நிறுத்தி, கப்பாசிற்றரைக் காலியாக்கி, தூரிகையால் தூசைத் தட்டி, ஐசோபுரோப்பைல் அற்ககோலால் துடைத்து, தலைமுடி காயவைக்கிற டிரையரால் மெதுவாகக் காயவையுங்கள்.

முல்லைத்தீவுப் பக்கம் கடற்காற்று வேறு. சொக்கெற் கால்களில் கறள் ஏறி, ட்ரான்ஸ்ஃபோமரில் 6.3 இருக்கிற ஹீற்றர், வால்வின் காலில் 5.6 ஆகிவிடும். இரண்டு இடத்திலும் அளந்தால் தெரியும். வால்வைக் கழற்றிப் போட்டதும் சரிவருகிறது என்றால் அநேகமாக இதுதான். காரணம் போகாமல் கொஞ்ச நாளில் திரும்ப வரும். சொக்கெற்றைத் துடைத்து, காலை இறுக்கிவிடுங்கள்.

பல்லி எச்சம், குளவிக் கூடு, எறும்பு பற்றித் தனியாக ஒரு பக்கம் எழுதலாம். பின்பக்கத் துவாரங்களுக்கு மெல்லிய கம்பி வலை அடியுங்கள். துணியால் அடைக்க வேண்டாம், சூடு போக வழி வேண்டும்.

ஆம்பின் சுற்று வரைபடத்தில் 150 வோல்ற் என்கிறது. எனக்கு 130 காட்டுகிறது.

எந்த மீற்றர்? பழைய முள் மீற்றர் என்றால் மீற்றரே இழுத்துக் குறைக்கும். வோல்ற்றுக்கு 2,000 ஓம் வகை, 250 வோல்ற் அளவில் 500 கிலோ ஓம்தான். 100 கிலோ ஓம் பிளேற் தடையி உள்ள 12ஏஎக்ஸ்7 என்ற முன்கட்ட வால்வில் அதைக் கொழுவினால் 150 இருக்கிற இடத்தில் 130ஐ ஒட்டிக் காட்டும். டிஜிற்றல் மீற்றர் பெரும்பாலும் 10 மெகா ஓம், அங்கே இந்தத் தொல்லை இல்லை. ஆனால் அதன் பற்றரி இறங்கினால் அளவு தாறுமாறாக ஏறும். ஒருநாள் முழுக்க ஒரு ஆம்போடு மல்லுக்கட்டிவிட்டு, கடைசியில் 9 வோல்ற் பற்றரி மாற்றியது நானேதான்.

மீற்றர் சரியென்றால் அந்த 100 கிலோ ஓம் தடையியைப் பாருங்கள். பழைய கார்பன் தடையி வயதாக ஆக மேலே போகும். 130, 140 கிலோ ஓம் ஆனதெல்லாம் பார்த்திருக்கிறேன். வரைபட அளவிலிருந்து 10 வீதம் விலகல் பழைய ஆம்பில் சகஜம். சத்தம் நன்றாக இருந்தால் அதை நோண்டுவதில்லை.

சுவரில் திடீரென்று 270, 280 காட்டுகிறது. மின்விளக்கு சில அறையில் மங்கல், சில அறையில் பளிச்.

ஆம்பை மறந்துவிட்டு மெயின் சுவிச்சை நிறுத்துங்கள். நியூற்றல் வயர் எங்கோ கழன்றிருக்கிறது. மூன்று பேஸ் வருகிற இடத்தில் நியூற்றல் போனால் ஒரு பக்கம் 400ஐ நோக்கியும் போகலாம். மின்சாரம் தருகிற நிறுவனத்துக்கு அறிவியுங்கள். அவர்கள் வந்து பார்த்துச் சரியென்று சொல்லும்வரை எதையும் கொழுவ வேண்டாம்.

வால்வும் சாமானும் எங்கே எடுப்பது?

தடையி, எலக்ட்ரோலிற்றிக் கப்பாசிற்றர் வவுனியாவிலோ யாழ்ப்பாணத்திலோ கிடைக்கும். 630 வோல்ற் பிலிம் கப்பாசிற்றருக்கு நான் கொழும்பு புறக்கோட்டைக்குத்தான் சொல்லிவிடுகிறேன். வால்வை வெளிநாட்டில் இருக்கிற சொந்தக்காரரிடம் கேளுங்கள்: ஈஎல் 84க்கு இன்னொரு பெயர் 6பிகியூ5, 12ஏஎக்ஸ்7க்கு ஈசிசி 83. இரண்டு அவுட்புட் வால்வையும் ஜோடி பார்த்துத் தரச் சொல்லுங்கள். அப்பப்பாவின் பழைய வால்வ் ரேடியோ பரணில் கிடந்தால் எறியாதீர்கள். ஐரோப்பிய ரேடியோக்கள் பலவற்றில் அவுட்புட்டுக்கு ஒரு ஈஎல் 84தான் இருக்கும். கண்ணாடியின் உச்சியில் உள்ள வெள்ளிப் பூச்சு பால் நிறமாக வெளுத்திருந்தால் காற்றுப் புகுந்துவிட்டது, அதை விடுங்கள். வெள்ளி பளபளவென்று இருந்தால் கொண்டுவாருங்கள், போட்டு அளந்து பார்ப்போம்.